முள் ஏறுது... வண்டி இருமுது!

சேலத்திலிருந்து ஏற்காடு போகிற மலைப்பாதையில் மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். பத்தாவது வளைவில் என் மாருதி 800 இரும ஆரம்பித்தது. டுர்ர்... டுக்... டுர்ர்... டுக்! பன்னிரண்டாவதில் சூடு காட்டுகிற முள் ‘ஹெச்’சைப் பார்த்து நிமிர்ந்தது.

“ஒண்ணுமில்ல மாப்ளே, பிளக்ல கரி. செகண்ட்ல போட்டு ஒரு மிதி மிதிங்க!” என்றார் பின்சீட்டு மச்சான்.

மிதித்தேன். பதினாலாவது வளைவில் முள் சடாரென்று கீழே இறங்கிவிட்டது. “பாத்தீங்களா!” என்று மச்சான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்ட அடுத்த நிமிஷம், இட்லிப் பானையைத் திறந்த மாதிரி பானெட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி.

முள் இறங்கியது சூடு தணிந்ததால் இல்லை. அது தண்ணீரின் சூட்டைத்தான் அளக்கும். தண்ணீரே காலியாகிவிட்டால் பாவம், அது எதை அளக்கும்? ‘ஹெச்’சில் இருந்த முள் திடீரென்று விழுந்தால் சந்தோஷப்படாதீர்கள், உடனே ஓரங்கட்டி என்ஜினை அணையுங்கள்.

மச்சான் அடுத்து துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கிளம்பினார். நல்லவேளை, பின்னால் வந்த லாரி டிரைவர் “யோவ், மூஞ்சி வெந்துடும்!” என்று அலறினார். மூடி இறுக்கிப் பிடித்திருக்கிற அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. 120 வரை சும்மா இருக்கும். மூடியைத் திறந்தால் அத்தனையும் ஒரே நொடியில் கொதித்து முகத்தில்தான் அடிக்கும். முக்கால் மணி நேரமாவது ஆற வேண்டும். சூட்டோடு பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் தப்பு, ஹெட் விரிசல் விட்டுவிடும்.

ரெக்கவரி வேனில் ஏறி சேலம் வந்து சேர்ந்தோம்.

வண்டி 1998 மாடல். (மாருதி 800 தயாரிப்பு 2014-ல் நின்றது, எங்கள் வீட்டில் இன்னும் நிற்கவில்லை.) அதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் மூன்று மெக்கானிக்குகளைப் பார்த்தாகிவிட்டது. ஒருவர் பிளக், ஒயர் எல்லாம் மாற்றினார். இன்னொருவர் ரேடியேட்டரைக் கழுவி, “இந்த ஊர் வெயிலுக்கு இதெல்லாம் வேண்டாம் சார்” என்று தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிக் கையில் கொடுத்தார். மூன்றாமவர் கார்புரேட்டரைப் பிரித்தார். பர்ஸ் இளைத்ததே தவிர வண்டி தேறவில்லை.

சேலத்தில் பிடித்த பாய் ஸ்பானரைத் தொடவே இல்லை. கேள்விதான் கேட்டார்.

“மிஸ்ஸிங் எப்ப வருது சார்?”

“காலைல ஸ்டார்ட் பண்ணதும் கொஞ்ச நேரம். அப்புறம் மேடு ஏறும்போது.”

“புகை?”

“காலைல வெள்ளையா வரும். பனின்னு நெனைச்சேன்.”

“மே மாசத்துலயா?”

நான் பேசவில்லை.

“தண்ணி குறையுதா? கீழ சொட்டுதா?”

“வாரம் ஒரு பாட்டில் ஊத்தறேன். ஆனா கீழ ஒரு சொட்டு இல்ல பாய்.”

“அப்ப அந்தத் தண்ணியை என்ஜின் குடிக்குது. ரெண்டு வியாதி இல்ல சார், ஒரே வியாதி.”

மறுநாள் காலை, என்ஜின் ஜில்லென்று இருக்கும்போது தண்ணீரை நிரப்பி, மூடியைப் போடாமலே ஸ்டார்ட் செய்யச் சொன்னார். உள்ளே சோடா மாதிரி குமிழ்... நிற்கவே இல்லை! அணைத்துவிட்டு மூன்று பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்தார். ஓரத்து இரண்டும் காபித்தூள் நிறம். நடுவில் இருந்தது மட்டும் புளி போட்டு விளக்கிய குத்துவிளக்கு. கம்ப்ரெஷன் கேஜ் செருகிப் பார்த்தால் ஓரத்து இரண்டிலும் 12, நடுவில் 7.

ஹெட் கேஸ்கட்! என்ஜின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவே இருக்கிற மெல்லிய தகடு. ஒரு பக்கம் நெருப்பு, ஒரு பக்கம் தண்ணீர், சம்பந்திகள் சண்டை போடாமல் நடுவில் நிற்கிற தரகர் அவர்தான். அவர் ஓட்டையானால், ஓடும்போது நெருப்புக் காற்று தண்ணீருக்குள் புகுந்து ஓட்டத்தைத் தடுக்கும்: ஹீட். அணைத்த பிறகு தண்ணீர் சிலிண்டருக்குள் கசிந்து பிளக்கை நனைக்கும்: காலை மிஸ்ஸிங்.

“முன்னாடி பாத்த மூணு பேரும் ஏமாத்திட்டாங்க பாய்” என்று பொருமினேன்.

“அவங்க மேல தப்பில்ல சார். மிஸ்ஸிங்னு சொன்னீங்க, பிளக் மாத்துனாங்க. ஹீட்னு சொன்னீங்க, ரேடியேட்டர் கழுவுனாங்க. ரெண்டும் சேந்து வருது, தண்ணியும் குறையுதுன்னு யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

சொல்லவில்லைதான். டாக்டரிடம் பல்வலி முதல் பாட்டி பெயர் வரை சொல்கிறோம், மெக்கானிக்கிடம் மட்டும் “வண்டி சரியில்ல” என்று சாவியைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

ஆனால் ஹீட்டும் மிஸ்ஸிங்கும் சேர்ந்து வந்தாலே கேஸ்கட் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இக்னிஷன் டைமிங் பிந்தினாலும், எங்காவது காற்று இழுத்து பெட்ரோல் குறைந்தாலும் இரண்டும் வரலாம். தண்ணீர் குறைகிறதா, குமிழ் வருகிறதா என்பதில்தான் வித்தியாசம் பிடிபடும். ஆயில் குச்சியில் பால் காபி நிறம் தெரிந்தால் ஸ்டார்ட்டே செய்யாதீர்கள், பேரிங் போய்விடும். இன்றைய கார்களில் ஸ்கேனர் செருகினால் பி0302 என்று இரண்டாம் சிலிண்டரையே காட்டிக்கொடுக்கும். ஏன் என்று மட்டும் சொல்லாது. அதற்குப் பாய்தான் வேண்டும்.

ஹெட் அலுமினியம். அதிகச் சூட்டில் அப்பளமாக வளையும். பாய் அதன்மேல் இரும்பு ஸ்கேலை வைத்து ஃபில்லர் கேஜை நுழைத்தார். நுழைந்தது! லேத்துக்கு அனுப்பிச் சமப்படுத்தாமல் புதுக் கேஸ்கட் போட்டிருந்தால் அடுத்த மாதமே திரும்ப வந்திருப்பேன். போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, டார்க் ரெஞ்ச் வைத்து மூன்று தடவையாக இறுக்கினார். போர் தண்ணீருக்குப் பதில் கூலன்ட் ஊற்றினார்.

“அந்தத் தெர்மோஸ்டாட் எங்க சார்?”

டேஷ்போர்டு பெட்டியில் பேப்பரில் சுற்றி இருந்தது. எடுத்துக்கொண்டு பக்கத்து டீக்கடைக்கு நடந்தார். கொதிக்கிற வெந்நீர்ச் சட்டியில் நூல் கட்டித் தொங்கவிட்டார். மெல்ல வாய் திறந்தது. வெளியே எடுத்ததும் மூடிக்கொண்டது.

“நல்லாத்தான் இருக்கு, மாட்டிடலாம்” என்றார் பாய்.

டீ மாஸ்டர் சட்டியையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். “அந்தத் தண்ணியில இனிமே டீ போட முடியாது. சட்டிக்கும் சேத்துக் காசு வெச்சிட்டுப் போங்க!”