மோட்டார் வண்டித் திறவுகோல்

முற்காலத்தில் திறவுகோலொன்று காணாமற்போயின், கொல்லனிடம் சென்று அதனைப் போன்றதொன்று செய்வித்துக்கொள்ளுதலே போதியதாயிருந்தது. இரும்பின் பற்கள் பூட்டின் உள்ளமைப்போடு பொருந்தினால் பூட்டுத் திறக்கும். இற்றைநாள் மோட்டார் வண்டிக்கோ அஃது அமையாது. பழுதற வெட்டிய புதுச் சாவி கதவைத் திறக்கலாம், இயந்திரத்தை இயக்காது. இதன் காரணத்தையும், புதுச் சாவியை வண்டி ஏற்குமாறு செய்யும் முறையையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

இத்தகைய சாவியின் தலைப்பகுதியுள் இருவேறு கருவிகள் அடங்கியுள. முதலாவது ஒரு நுண்சில்லு. இதற்கு மின்கலம் வேண்டுவதில்லை. சாவித்துளையைச் சூழ்ந்த கம்பிச்சுருள் எழுப்பும் காந்தப்புலத்தினின்றே ஆற்றல் பெற்றுத் தன் அடையாளத்தை வண்டிக்கு உணர்த்தும். அதனை வண்டி அறிந்தாலன்றி இயந்திரம் இயங்காது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 1998ஆம் ஆண்டு முதல் புதுக் கார்களுக்கு இயந்திரத் தடைக் காவல் கட்டாயமாயிற்று.

இரண்டாவது, தொலைவினின்று கதவைத் திறக்கும் வானலைக் கருவி. இது மின்கலத்தால் இயங்குவது. பொத்தானை அழுத்துந்தோறும் இஃது அனுப்பும் குறிமொழி மாறிக்கொண்டே யிருக்கும். ஒருமுறை ஏற்ற குறிமொழியை வண்டி மறுமுறை ஏலாது. ஆதலின், திருடன் மறைந்திருந்து அதனைப் பதிவுசெய்து பின்னர் அனுப்பினும் பயன் பெறான்.

இனி, பதியும் முறையைக் காண்போம். 2000ஆம் ஆண்டை யொட்டி அமெரிக்காவில் விற்பனையான ஃபோர்டு வண்டிகள் பலவற்றில், தொலைக்கருவியைப் பதிதற்குச் சாவியைப் பத்து வினாடிக்குள் எட்டு முறை இயக்க நிலைக்குத் திருப்புதல் வேண்டும். அப்பொழுது கதவுகள் தாமே பூட்டித் திறக்கும். வண்டி செவிசாய்த்தது என்பதற்கு அதுவே அறிகுறி. உடனே புதுக் கருவியின் பொத்தானை அழுத்தினால் வண்டி அதனை நினைவிற் கொள்ளும். பழைய கருவிகளையும் அப்பொழுதே மீளப் பதிதல் வேண்டும். இன்றேல் அவற்றை வண்டி மறந்துவிடும்.

நுண்சில்லைப் பதியும் முறை வேறு. வண்டி முன்னரே அறிந்த சாவிகள் இரண்டனை அடுத்தடுத்து இட்டுத் திருப்பி, அதன்பின் விரைவில் புதியதை இடுதல் வேண்டும். அறிந்தார் இருவர் சான்று கூறினாலன்றிப் புதியவனை ஏற்காத ஊர்மன்றம் போன்றது இது. அறிந்த சாவி ஒன்றே எஞ்சியிருப்பின், தொழில்வல்லார் தம் கருவியை வண்டியின் சோதனைத் துளையில் இணைத்தே பதிதல் வேண்டும். அதற்குச் செலவு மிகும்.

நிற்க. காணாமற்போன சாவி என்னாயிற்று? புதியது கிடைத்ததென்று நாம் மகிழ்ந்திருப்போம். புதிய சில்லைச் சேர்த்த மாத்திரத்தில் பழைய சில்லு அழிவதில்லை. அதனைக் கண்டெடுத்தவன் எவனாயினும் அவனை உரியவனாகவே வண்டி கருதும். புதுச் சாவி செய்விப்போருட் பலர் இதனை எண்ணிப்பார்ப்பதில்லை. ஆதலின், பதிவிக்குங்கால் தொலைந்த சாவியை வண்டியின் நினைவினின்று நீக்குமாறு தொழிலாளரிடம் கேட்டுப் பெறுதல் இன்றியமையாதது.

இரண்டு சாவிகள் கையிலுள்ளபோதே மூன்றாவதைச் செய்துவைத்தல் சிக்கனம். ஒன்று தொலைந்தால் அதனை வண்டி மறக்கச் செய்தல் காவல். உரியவரை அறிதலோடு உரிமை நீங்கியவரை மறத்தலையும் வண்டிக்குக் கற்பித்தாலன்றி அக்காவல் முற்றுப்பெறாது என்பதே எமது துணிபு.