சிவலிங்கத்தை எந்த எழுத்தில் தேடுவது?

ஒரு பக்கம் கடல், மறு பக்கம் மட்டக்களப்பு வாவி, நடுவே ஒடுங்கிய மணல்திட்டு: அதுதான் நாவலடி. 2004 டிசம்பர் 26 காலை சுனாமி அதை வழித்துக்கொண்டு போனது. மட்டக்களப்பு மாவட்டத்தில் மட்டும் 2,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தப்பியவர்கள் பள்ளிக்கூடம், கோயில், தேவாலயம் என்று திக்குத் திக்காக ஒதுங்கினார்கள். தெற்கே, கல்முனை ஆஸ்பத்திரியில் அன்று 81ஆவதாகப் பதிவான கைக்குழந்தை பெற்றோரிடம் போய்ச்சேர டி.என்.ஏ. பரிசோதனை வேண்டியிருந்தது.

யார் எந்த முகாமில் இருக்கிறார்? எங்கே என்ன தேவை? இதற்கென்றே கொழும்பில் தொண்டர்கள் சில வாரங்களுக்குள் எழுதிய மென்பொருள் ‘சஹானா’. காணாமற்போனோர் பதிவேடு, முகாம் பதிவேடு, உதவி அமைப்புகளின் பதிவேடு எல்லாம் அதில் உண்டு.

நல்ல தொண்டு, சரி, இது ஆராய்ச்சியாகுமா? ஆகும் என்பதற்கான வாதம் சுனாமி வந்த அதே ஆண்டு மார்ச்சில்தான் அச்சில் வந்திருந்தது. ஹெவ்னர், மார்ச், பார்க், சுதா ராம் ஆகிய நால்வர் எழுதிய அந்தக் கட்டுரை, தகவல் முறைமைத் துறையில் ‘வடிவமைப்பு விஞ்ஞான’த்துக்கு இலக்கணம் வகுத்தது. இருப்பதை விளக்குவது மட்டும் ஆய்வல்ல; இல்லாத ஒன்றைக் கட்டி, அது பிரச்சினையைத் தீர்க்கிறதா என்று கறாராகச் சோதிப்பதும் ஆய்வுதான். ஹெர்பர்ட் சைமன் 1969இலேயே இதற்கு வித்திட்டிருந்தார்.

சோதனை என்பதில்தான் சூட்சுமம். ‘சிவலிங்கம்’ என்ற பெயரை ஒரு முகாமில் ஆங்கில ‘எஸ்’ஸில் தொடங்கி எழுதுவார்கள், இன்னொன்றில் ‘எஸ்-எச்’ போடுவார்கள். தகப்பன் பெயரை முன்னால் வைக்கும் நம்மவர், படிவத்தில் ‘குடும்பப் பெயர்’ என்றிருக்கும் கட்டத்தில் எதை நிரப்புவது? எழுத்தை விட்டு ஒலியைக்கொண்டு தேடும் வழியொன்றைக் கட்டலாம். அது எத்தனை பேரைச் சரியாகக் கண்டுபிடித்தது, எத்தனை பேரைத் தப்பாக இணைத்தது என்று எண்ணிப் பார்த்து, திருத்தி, மறுபடி சோதிக்கவேண்டும். அந்தச் சுற்று இல்லாவிட்டால் அது வெறும் மென்பொருள் வேலை என்பேன்.

சஹானா 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்துக்கும் 2010இல் ஹெய்ட்டிக்கும் போய்ப் பயன்பட்டது. இங்கோ, மாரியில் வாவி பெருகும்போதெல்லாம் அதன் மேற்கேயுள்ள படுவான்கரைச் சனம் இன்னமும் பள்ளிக்கூடங்களில்தான் தஞ்சம் புகுகிறது. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் பிள்ளைகள் இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடினால், அந்த முகாம்களுக்கு ஒரு தமிழ்ப் பதிவேட்டைச் செய்து, அடுத்த மாரியில் கிராம சேவகரின் கையிலேயே கொடுத்துச் சோதித்துப் பாருங்கள்.