மண்ணை விட்டாலும் மரபை விடாத அடிகே மக்கள்

வானொலி வேலையில் இருப்பதால் எனக்கு ஒரு பழக்கம். எந்த மக்களைப் பற்றிப் படித்தாலும், அவர்கள் மொழி காதுக்கு எப்படி இருக்கிறது என்று தேடிக் கேட்டுவிடுவேன். அப்படிக் கேட்டதில் என்னைத் திணறடித்தது அடிகே மொழி. நம் தமிழில் உயிர் 12, மெய் 18. அடிகேயில் மெய்யொலிகள் மட்டும் 50க்கு மேல். உயிரொலிகளோ இரண்டு, மூன்றுதான்!

யார் இந்த அடிகே மக்கள்? கருங்கடலின் வடகிழக்குக் கரையிலும் காக்கசஸ் மலைப்பகுதியிலும் வாழ்ந்து வந்தவர்கள். உலகம் இவர்களைச் சர்க்காசியர் என்கிறது. தங்களை இவர்கள் அழைத்துக்கொள்வது அடிகே என்றுதான்.

ரஷ்யப் பேரரசு இவர்கள் மண்ணின் மீது 1763இல் தொடங்கிய போர் 101 ஆண்டுகள் நீடித்தது. 1864 மே 21ஆம் நாள், சோச்சி நகருக்கு அருகே ஒரு மலைப் பள்ளத்தாக்கில் ரஷ்யப் படை வெற்றி அணிவகுப்பு நடத்தியது. மக்களில் பெரும்பாலோர் கடற்கரைக்கு விரட்டப்பட்டு, கப்பலேற்றி ஒட்டோமன் நாட்டுக்கு அனுப்பப்பட்டனர். பசியிலும் நோயிலும் கடலிலும் மாண்டவர்கள் ஏராளம். அந்தப் பள்ளத்தாக்கின் இன்றைய பெயர் கிராஸ்னயா பொல்யானா. 2014 குளிர்கால ஒலிம்பிக்கின் பனிச்சறுக்குப் போட்டிகள் நடந்தது அங்கேதான். தொலைக்காட்சியில் அந்த வெண்பனியை ரசித்த நம்மில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும்? உலகெங்கும் உள்ள சர்க்காசியருக்கு மே 21 இன்றும் துக்க நாள்.

இன்று இவர்களில் பெரும்பாலோர் தாய்மண்ணுக்கு வெளியேதான் வாழ்கிறார்கள். துருக்கியில்தான் அதிகம். ஜோர்டானின் தலைநகர் அம்மான், பாழடைந்து கிடந்த பழைய ஊர். 1878இல் அங்கே குடியேறி அதற்கு மறுபடியும் உயிர் கொடுத்தவர்கள் சர்க்காசியர்களே. ஜோர்டான் அரண்மனையில் கறுப்பு அங்கி, கம்பளித் தொப்பியோடு நிற்கும் காவலர்களும் இவர்கள் வழிவந்தவர்கள்தான்.

சிதறிப்போன மக்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது ‘ஹாப்ஸே’ என்ற நடைமுறை. நெடுங்காலம் ஏட்டில் எழுதாமலே வாழ்ந்து காட்டிய ஒழுக்க நெறி இது. பெரியவர் உள்ளே வந்தால் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். வந்த விருந்தாளியின் பாதுகாப்பு வீட்டுக்காரரின் பொறுப்பு. அதற்காகவே விருந்தினருக்குத் தனிக் கட்டடம் வைத்திருந்த வீடுகள் உண்டு. சண்டையிடும் ஆண்களுக்கு நடுவே ஒரு பெண் தன் தலைத்துணியை எறிந்தால், சண்டை அங்கேயே நிற்க வேண்டும் என்பதும் அவர்கள் மரபு.

அவர்கள் நடனத்திலும் இதைப் பார்க்கலாம். ‘காஃபே’ நடனத்தில் ஆணும் பெண்ணும் ஜோடியாக ஆடுவார்கள். ஆனால் ஒருவரையொருவர் தொடுவதில்லை. பெண் நிமிர்ந்து, அன்னம்போல் மிதந்து வருவாள். ஆண் மரியாதையான இடைவெளி விட்டுச் சுற்றி வருவான். பக்கத்தில் அக்கார்டியன் ஒலிக்கும்.

நடையுடை பாவனையைப் பிள்ளைகள் பார்த்தே பழகிக்கொள்வார்கள். மொழி அப்படிக் கைக்கு வருவதில்லை. அடிகேயின் உறவு மொழி உபிக். அதைப் பேசியவர்களும் 1864இல் துருக்கிக்குப் போனார்கள். அடுத்த தலைமுறைகள் துருக்கி மொழிக்கும் அடிகேக்கும் மாறின. உபிக் மொழியைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதர் தெவ்ஃபிக் எசென்ச் 1992இல் காலமானார். மொழியியலாளர்கள் பதிவு செய்த அவர் குரல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஒலிப்பதிவே என் தொழில் என்பதால் சொல்கிறேன்: அந்தக் குரலுக்குப் பதில் சொல்ல இப்போது யாரும் இல்லை.

அடிகேக்கு அந்த நிலை வரவில்லை. இஸ்ரேலில் உள்ள க்ஃபார் காமா என்ற சிற்றூரில் பிள்ளைகள் வீட்டில் அடிகே பேசுகிறார்கள், பள்ளியிலும் படிக்கிறார்கள். கூடவே ஹீப்ரு, அரபு, ஆங்கிலமும் கற்கிறார்கள். துருக்கிப் பள்ளிகளிலும் 2012 முதல் அதை விருப்பப் பாடமாக எடுக்கலாம். ஆனால் பாட நேரம் முடிந்து வீடு திரும்பும் பிள்ளையிடம் அம்மாவும் அப்பாவும் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்பதில்தான் மீதிக் கதை இருக்கிறது.