கோடையில் முதல் மலையேற்றம்: உச்சியை அல்ல, திரும்பும் நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

புதுதில்லி: மே மாதம் பிறந்ததும் தலைநகரில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைக் கடப்பது வழக்கம். அந்த வெயிலிலிருந்து விடுபட, வெள்ளிக்கிழமை இரவுப் பேருந்தில் இமயமலை அடிவாரத்துக்குச் சென்று, சனிக்கிழமை ஒரு சிகரமோ முகடோ ஏறித் திரும்புவது ஆர்.கே.புரம் போன்ற தென்தில்லிக் குடியிருப்புகளில் வசிக்கும் இளைஞர்களிடையே பரவலாகி வருகிறது. இப்பயணத்தில் புதியவர்களுக்கு ஆபத்தை விளைவிப்பது பெரும்பாலும் மலையின் கடினம் அன்று. அவர்கள் வகுத்துக்கொள்ளும் நேரக் கணக்கே ஆகும்.

இமாச்சலப் பிரதேசத்தின் தர்மசாலாவை அடுத்த மெக்லியாட்கஞ்சிலிருந்து திரியுண்ட் முகட்டுக்குச் செல்லும் பாதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சுமார் 2,800 மீட்டர் உயரத்தில் உள்ள திரியுண்ட், தில்லிவாசிகள் பலருக்கு முதல் மலையேற்றமாக அமைகிறது. பாதை தெளிவானது, தனிப் பயிற்சி தேவையில்லை. ஆனால் எளிமையான பாதை என்பதே பலரையும் கவனக்குறைவுக்கு உள்ளாக்குகிறது.

நேரத்தைக் கணக்கிடுவது எப்படி?

ஸ்காட்லாந்து மலையேற்ற வீரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892-ஆம் ஆண்டு வகுத்த எளிய விதி இன்றும் பயன்பாட்டில் உள்ளது. ஒவ்வொரு 5 கி.மீ. தொலைவுக்கும் ஒரு மணி நேரம். அத்துடன் ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் என்பதே அது.

மெக்லியாட்கஞ்சிலிருந்து திரியுண்ட் சுமார் 9 கி.மீ. தொலைவு. ஏற வேண்டிய உயரம் ஏறத்தாழ 800 மீட்டர். இவ்விதிப்படி, உடல் திடம் உள்ளவருக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். ஓய்வு நேரம் இதில் சேராது. புதியவர்கள் இதனுடன் பாதியளவைக் கூட்டிக்கொள்வது நல்லது. அப்படியானால் ஏறுவதற்கு மட்டும் ஏறத்தாழ ஐந்து மணி நேரம்.

காலை 6 மணிக்குப் புறப்படுபவர் 11 மணிக்கு உச்சியை அடைந்து, நண்பகலில் இறங்கத் தொடங்கி, பிற்பகல் 3 மணியளவில் ஊர் திரும்பிவிடலாம். இரவுப் பேருந்தில் வந்து, அறை எடுத்து, உணவு உண்டு 9 மணிக்குப் புறப்படுபவரோ பிற்பகல் 2 மணிக்கே உச்சியை அடைவார். கோடையில் இமயமலைச் சரிவுகளில் இடி மின்னலுடன் மழை பெய்யும் வாய்ப்பு பிற்பகலில்தான் அதிகம். திரியுண்ட் திறந்த புல்வெளி முகடு என்பதால் மின்னலிலிருந்து ஒதுங்க அங்கு பாதுகாப்பான இடம் குறைவு.

எனவே, "நண்பகல் 12 மணிக்கு எங்கிருந்தாலும் திரும்பிவிடுவோம்" என்ற முடிவைப் புறப்படும் முன்பே குழுவாக எடுக்க வேண்டும். உச்சி கண்ணுக்குத் தெரியும்போது எடுக்கும் முடிவில் ஆசையே மேலோங்கும்.

குளிர்ச்சி தரும் ஏமாற்றம்

ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது. தில்லியில் 44 டிகிரி வெயில் அடிக்கும் நாளில் திரியுண்டில் சுமார் 27 டிகிரி இருக்கலாம். இதனால் தாகம் குறைவாகத் தோன்றும். வியர்வையும் விரைவில் உலர்ந்துவிடும். ஆனால் உடல் இழக்கும் நீரின் அளவு குறைவதில்லை. உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிர்களின் தாக்கமும் அதிகரிக்கிறது.

தாகம் எடுக்கும்வரை காத்திராமல், மணிக்கு அரை லிட்டர் என்ற அளவில் சிறிது சிறிதாக நீர் அருந்துவது பொதுவான பரிந்துரை. உப்பு-சர்க்கரைக் கரைசல், தொப்பி, முழுக்கைச் சட்டை, மழை அங்கி, கைவிளக்கு ஆகியவை அவசியம். பேச்சில் குழப்பமும் தள்ளாட்டமும் வெப்பத் தாக்கத்தின் அறிகுறிகள். இது மருத்துவ அவசரநிலை. உடனே நிழலில் கிடத்தி, உடலை நனைத்துக் குளிர்வித்தபடி 112 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

உயரப் பாதிப்பு பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் தென்படத் தொடங்குகிறது. சுமார் 215 மீட்டர் உயரத்தில் உள்ள தில்லியிலிருந்து ஒரே இரவில் வந்து, உறக்கமின்றி ஏறுபவருக்குத் தலைவலியும் குமட்டலும் ஏற்பட்டால் மேலே செல்லக் கூடாது. கீழே இறங்குவதே முதன்மையான சிகிச்சை. முதல் நாள் மெக்லியாட்கஞ்சில் உறங்கி, மறுநாள் அதிகாலையில் ஏறுவது இச்சிக்கல்கள் பலவற்றைத் தவிர்க்கும்.

குரங்கணி தந்த பாடம்

கோடை மலையேற்றத்தின் ஆபத்தைத் தமிழகம் நேரில் கண்டது 2018-ஆம் ஆண்டு மார்ச் 11 அன்று. தேனி மாவட்டம் குரங்கணி மலைப்பகுதியில் காட்டுத் தீயில் சிக்கி மலையேற்றக் குழுவினர் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சரிவில் தீ கீழிருந்து மேல்நோக்கி விரைந்து பரவும்; மேலே ஓடுபவரை எளிதில் எட்டிவிடும். அந்நிகழ்வுக்குப் பின் தமிழக அரசு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை வகுத்தது. 2024-இல் வனத்துறை வழிகாட்டிகளுடன் 40 பாதைகளைக் கொண்ட 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கப்பட்டது. காட்டுத் தீ அபாயம் மிகுந்த காலத்தில் அப்பாதைகள் மூடப்படுகின்றன. இமாச்சலிலும் மழைக்காலத்தில் மாவட்ட நிர்வாகங்கள் தடை விதிப்பது உண்டு. அனுமதி நிலவரத்தை அறியாமல் புறப்படக் கூடாது.

பயிற்சி வீட்டருகிலேயே

இறங்கும்போது முழங்காலும் கணுக்காலும் அதிக அழுத்தத்தைத் தாங்குகின்றன. இதற்குப் படிகளில் ஏறி இறங்குவதே சிறந்த பயிற்சி. ஆர்.கே.புரத்தில் சிறு குன்றின் மீது அமைந்த மலை மந்திர் எனப்படும் சுவாமிநாத சுவாமி கோயிலுக்குப் படியேறிச் செல்லும் தில்லித் தமிழர்களுக்கு இது புதிதன்று. அருகில் பெனிட்டோ ஹுவாரஸ் சாலையில் உள்ள இந்திய மலையேற்ற அறக்கட்டளையில் நூலகமும் அருங்காட்சியகமும் செயற்கை ஏறுசுவரும் உள்ளன. 1958-ஆம் ஆண்டின் சோ ஓயு மலைப் பயணத்துக்காக அமைந்த குழுவிலிருந்து உருவான அமைப்பு இது.

நான்கு வாரங்களுக்குப் படிப்பயிற்சி, ஓர் இரவு முழு உறக்கம், அதிகாலைப் புறப்பாடு, முன்கூட்டியே முடிவு செய்த திரும்பும் நேரம் ஆகியவை முதல் மலையேற்றத்துக்குப் போதுமான ஆயத்தம். பாதி வழியில் திரும்பியவர் அடுத்த வாரமும் அதே மலையை ஏறலாம்.