ஐந்தாவதாக வருபவனின் பெறுமதி

ஓட்டப்போட்டி என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது முதலாவதாக எல்லைக்கோட்டைத் தொடுபவரின் உருவமே. நம் பாடசாலைகளின் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளிலும் வெற்றி மேடையில் ஏறுவோர் முதல் மூவர்தாம். ஏனையோர் மூச்சிரைக்க வந்து நிற்கையில் ஒலிபெருக்கி அடுத்த நிகழ்ச்சியை அறிவிக்கத் தொடங்கிவிடும். வீட்டுக்குத் திரும்பும் பிள்ளையிடம் முதலில் கேட்கப்படுவதும் “எத்தனையாம் இடம்?” என்பதே. ஆனால், பின்னால் வருபவரையும் கணக்கில் சேர்க்காமல் வெற்றியைத் தீர்மானிக்கவே இயலாத ஓர் ஓட்டமும் உலகில் உண்டு. அதன் விதிமுறைகள் எளியவை. அவை உணர்த்தும் உண்மையோ ஆழமானது.

ஐக்கிய அமெரிக்காவின் உயர்நிலைப் பாடசாலைகளில் ‘குரொஸ் கன்ட்ரி’ என அழைக்கப்படும் திறந்தவெளி ஓட்டமே அது. செப்பனிட்ட ஓடுபாதை இதற்கு இல்லை. புல்வெளி, மண்பாதை, மேடு பள்ளம், மழை பெய்தால் சேறு ஆகிய இவற்றினூடாகப் பெரும்பாலும் 5 கிலோமீற்றர் தூரம் ஓடவேண்டும். ஓகஸ்ட் மாதத்தில் தொடங்கும் பருவம், இலைகள் உதிரும் நவம்பர் மாதமளவில் மாநிலப் போட்டிகளுடன் நிறைவுபெறும். அந்நாட்டில் நான்கு இலட்சத்துக்கும் அதிகமான மாணவ மாணவியர் இதில் பங்குபற்றுகின்றனர். உயரமோ உடற்பருமனோ வேண்டப்படுவதில்லை. ஓட விரும்பி வரும் பிள்ளையைத் திருப்பி அனுப்பாது சேர்த்துக்கொள்ளும் வழக்கம் பல பாடசாலைகளில் நிலவுகின்றது.

இதன் வேர் இங்கிலாந்தின் பழைய பாடசாலைகளில் உள்ளது. ரக்பி பாடசாலையில் ‘கிரிக் ஓட்டம்’ எனப்படும் நெடுந்தூர ஓட்டம் 1838ஆம் ஆண்டிலிருந்தே நடைபெற்று வந்திருக்கின்றது. 1880இல் அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகம் தன் நெடுந்தூர ஓட்டக்காரருக்கான இலையுதிர்காலப் பயிற்சியாக இதனை ஏற்றுக்கொண்டது. நாளடைவில் இவ்வோட்டம் பாடசாலைகளுக்கும் பரவியது.

இனி, இதன் வெற்றி எவ்வாறு கணிக்கப்படுகின்றது எனப் பார்ப்போம். ஓர் அணியில் எழுவர் ஓடுவர். அவர்களுள் முதலில் வரும் ஐவரின் இடங்கள் கூட்டப்படும். முதலாம் இடத்துக்கு ஒரு புள்ளி, இருபதாம் இடத்துக்கு இருபது புள்ளிகள் என்பதே கணக்கு. கூட்டுத்தொகை குறைந்த அணியே வெற்றி பெறும். ஐவர் ஓட்டத்தை நிறைவுசெய்யாத அணிக்கு மொத்தப் புள்ளி என ஒன்று கிடையாது. ஆகவே, பாதையில் விழுந்தவனும் எழுந்து வந்து கோட்டைக் கடந்தாக வேண்டும். அவனுக்காக அன்றேல் அவனுடைய நண்பர்களுக்காக.

ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். ஒரு பாடசாலையின் நால்வர் முதல் நான்கு இடங்களையும் பெறுகின்றனர். அவர்களின் ஐந்தாவது ஓட்டக்காரன் 36ஆம் இடத்தில் வருகின்றான். மொத்தம் 46 புள்ளிகள். மற்றொரு பாடசாலையிலோ முதல் ஆறு இடங்களுக்குள் வந்தவர் எவருமில்லை. ஆயினும் அதன் ஐவரும் ஒருவர் பின் ஒருவராக 7, 8, 9, 10, 11 ஆகிய இடங்களைப் பெறுகின்றனர். மொத்தம் 45 புள்ளிகள். ஒரு புள்ளி வித்தியாசத்தில் வெற்றி இரண்டாவது பாடசாலைக்கே உரியதாகின்றது. ஒப்பற்ற வீரர் நால்வர் இருந்தும் முதற்பாடசாலை தோற்றுப்போகின்றது.

இன்னும் ஒன்று உண்டு. வென்ற பாடசாலையின் ஆறாவது, ஏழாவது ஓட்டக்காரர் இருவரும் 12ஆம், 13ஆம் இடங்களில் வந்தனர் எனக் கொள்வோம். அவர்களின் இடங்கள் தம் அணியின் கூட்டுத்தொகையில் சேர்வதில்லை. ஆனால் அவர்கள் முந்தியதாலேயே எதிரணியின் ஐந்தாமவன் இரு இடங்கள் பின்தள்ளப்பட்டான். அவர்கள் இல்லாதிருந்தால் அவன் 34ஆம் இடத்தைப் பெற்றிருப்பான். அவனுடைய பாடசாலை 44 புள்ளிகளுடன் வென்றிருக்கும். புள்ளிப்பட்டியலில் இடம்பெறாத இருவரின் உழைப்பே அன்றைய வெற்றியைத் தீர்மானித்தது. நம் குடும்பங்களிலும் பங்குகளிலும் இத்தகையோர் எத்தனை பேர்!

இத்தகைய அணி ஒரே நாளில் உருவாவதில்லை. கோடை விடுமுறையிலேயே பயிற்சி தொடங்கிவிடும. முதல் வாரங்களில் வேகத்துக்கு இடமில்லை. அருகில் ஓடுபவரோடு பேசிக்கொண்டே செல்லக்கூடிய மிதமான வேகத்தில் நீண்ட தூரம் ஓடுவர். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக குருதியைச் செலுத்தப் பழகுவதும், தசைகளில் நுண்ணிய குருதிக் குழாய்கள் பெருகுவதும் இக்காலத்திலேயே. பின்னர் மேட்டு நிலங்களில் ஏறி இறங்கும் பயிற்சி. அதன் பின்னர் 1000 மீற்றர் தூரத்தை விரைவாக ஓடிச் சற்று இளைப்பாறி மீண்டும் ஓடுதல் என ஐந்தாறு முறை செய்யும் கடும் பயிற்சி. கடின நாளை அடுத்து இலகுவான நாள் வரவேண்டும் என்பது நல்ல பயிற்றுவிப்பாளர் அனைவரும் கைக்கொள்ளும் ஒழுங்காகும். ஏனெனில் உடல் வலுப்பெறுவது ஓடும்போதன்று. ஓடியபின் உண்டு உறங்கி ஓய்வெடுக்கும்போதே. ஓய்வை மறந்து ஓடுபவன் கணுக்காலுக்கு மேலான எலும்பு நோவுடன் பருவம் முடியுமுன்னரே ஒதுங்க நேரிடும்.

இப்பயிற்சிகளில் பயிற்றுவிப்பாளர் கூர்ந்து கவனிப்பது முதல்வனின் நேரத்தை மட்டுமன்று. முதலாமவனுக்கும் ஐந்தாமவனுக்கும் இடையிலான நேர இடைவெளியையே அவர் எண்ணிப் பார்ப்பார். அந்த இடைவெளி ஒரு நிமிடத்திலிருந்து முப்பது செக்கன்களாகக் குறையும்போது அணி பிறந்துவிட்டது என அறிந்துகொள்வார். ஆகவே ஓட்டக்காரர் கூட்டமாக ஓடப் பழக்கப்படுகின்றனர். ஒருவனின் காலடியோசை மற்றவனை இழுத்துச் செல்கின்றது. தனியே ஓடினால் தளர்ந்து நடந்துவிடக்கூடிய இடத்தில், தோளோடு தோளாக நண்பன் இருக்கையில் கால்கள் நிற்பதில்லை.

போட்டி நாளன்று நூற்றுக்கும் மேற்பட்டோர் ஒரே வரிசையில் நின்று ஒரே கணத்தில் பாய்கின்றனர். அகன்ற புல்வெளி சில நூறு மீற்றருக்குள் ஒடுங்கிய பாதையாகிவிடும். முதற் கிலோமீற்றரை ஆர்வமே கடத்திவிடும். கடைசிக் கிலோமீற்றரை எல்லையின் ஈர்ப்பு கடத்திவிடும். நடுவில் உள்ள தூரமே சோதனைக் காலம். அங்கே கைதட்டுவோர் குறைவு, களைப்பு மிகுதி. நாற்பதாம் இடத்தில் ஓடும் மாணவன், “நான் ஒருவன் பின்தங்கினால் என்ன?” என எண்ணத் தொடங்குவது அங்கேதான். ஆனால் அவன் முந்தும் ஒவ்வொருவரும் அவன் அணிக்கு ஒரு புள்ளி. அவனை முந்திச் செல்லும் ஒவ்வொருவரும் அணிக்கு ஓர் இழப்பு. கூட்டல் கணக்கில் முதல்வன் தேடித்தரும் ஒரு புள்ளிக்கும் அவன் தேடித்தரும் ஒரு புள்ளிக்கும் வேறுபாடே இல்லை. இதனாலேயே முன்னதாக ஓடிமுடித்தவர் மூச்சு வாங்கியதும் மீண்டும் பாதையோரம் சென்று, பின்னால் வரும் தம் தோழரைப் பெயர் சொல்லிக் கூவி அழைப்பதை இப்போட்டிகளில் காணலாம்.

பின்னால் வருபவரின் பெறுமதியை ஒலிம்பிக் வரலாறும் ஒருமுறை கண்டது. 1924ஆம் ஆண்டு பரிஸ் ஒலிம்பிக்கில் இவ்வோட்டம் கொளுத்தும் வெயிலில் நடைபெற்றது. புறப்பட்ட 38 பேரில் 15 பேரே ஓடிமுடித்தனர். அங்கு ஓர் அணிக்கு மூவரின் இடங்கள் கணிக்கப்பட்டன. பின்லாந்தின் பாவோ நூர்மி முதலாவதாகவும் வில்லே ரிட்டோலா இரண்டாவதாகவும் வந்துவிட்டனர். மூன்றாவது மனிதர் வேண்டுமே! ஹெய்க்கி லீமாட்டைனன் என்பவர் அரங்கினுள் தள்ளாடியபடி வந்தார். எல்லைக்கு அருகில் வெப்பத்தால் நினைவு தடுமாறி நின்று, திரும்பியும்விட்டார். பார்வையாளரின் கூக்குரலால் ஒருவாறு தெளிந்து, மெல்ல நடந்து கோட்டைக் கடந்தார். அவர் பெற்றது 12ஆம் இடம். பின்லாந்து அணிக்குத் தங்கம் கிடைத்தது. இப்போட்டியின் கடுமை காரணமாக அதன் பின்னர் இவ்வோட்டம் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது.

பாடசாலை அளவில் இவ்வுண்மைக்குச் சான்றாக நிற்பது கலிபோர்னியா மாநிலத்தின் மக்பார்லண்ட் எனும் சிற்றூர். அங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் மெக்சிக்கோ வழிவந்த பண்ணைத் தொழிலாளர் குடும்பத்தினர். திராட்சைத் தோட்டங்களிலும் பாதாம் தோப்புகளிலும் கூலிவேலை செய்வோர். பிள்ளைகள் பலர் பெற்றோருடன் வயலில் இறங்கி உழைத்துவிட்டே பாடசாலைக்கு வந்தனர். 1964இல் அவ்வூருக்கு ஆசிரியராக வந்த ஜிம் வைட், 1980இல் அங்கு ஓர் ஓட்ட அணியை அமைத்தார். ஓடுவதற்குச் சிறப்பான திடல் எதுவும் இல்லாத நிலையில் தோட்டங்களுக்கிடையிலான மண்பாதைகளே பயிற்சிக் களமாயின. 1987இல் கலிபோர்னியாவின் மாநிலச் சம்பியன் போட்டி பிரெஸ்னோ நகரில் நடைபெற்றபோது, தம் பிரிவில் வெற்றிக் கிண்ணத்தைப் பெற்றவர்கள் இந்தக் கூலித்தொழிலாளரின் பிள்ளைகளே. தொடர்ந்து 14 ஆண்டுக் காலத்தில் அப்பாடசாலை 9 தடவைகள் மாநில வெற்றியை ஈட்டியது. 2015இல் இவ்வரலாறு திரைப்படமாகவும் வெளிவந்தது. தனியொரு நட்சத்திர வீரனை நம்பிய அணியால் இவ்வளவு நீண்ட காலம் நிலைத்திருக்க முடியாது. ஒவ்வோர் ஆண்டும் ஐந்தாமவனாக ஓட ஒருவன் ஆயத்தமாக இருந்தான் என்பதே இதன் பொருள்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவை. ஐந்தாமவனின் மேன்மையைப் பேசும் நாம் அவன்மீது சுமத்தப்படும் பாரத்தையும் எண்ண வேண்டும். ஒரு புள்ளியால் தோற்ற அணியில் பழி அவன் தலையில் விழுவது மிக எளிது. அது நீதியன்று. மூன்றாமவன் ஒருவனை முந்தியிருந்தாலும் அந்த ஒரு புள்ளி கிடைத்திருக்குமே! கூட்டாகப் பெறும் வெற்றியில் கடைசியானவனுக்குப் பங்கு உண்டென்றால், கூட்டாக அடையும் தோல்வியில் முதல்வனுக்கும் பங்கு உண்டு. இதை ஏற்றுக்கொள்ளும் மனம் இல்லாதவிடத்து எழுவர் இருப்பர், அணி இராது.

ஓட்டப்பந்தயத்தைக் கிறிஸ்தவ வாழ்வுக்கு ஒப்பிட்ட புனித பவுல் இதனை நன்கு அறிந்திருந்தார். கொரிந்து நகரத்தாருக்கு ஓட்டம் புதிதன்று. அருகிலிருந்த இஸ்த்மியாவில் இரண்டு ஆண்டுகளுக்கொருமுறை பெரும் போட்டிகள் நடைபெறும். ஆகவே அவர்களுக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில், பரிசுக்காக ஓடும் வீரரையும் அவர்களின் தன்னடக்கத்தையும் அவர் எடுத்துக்காட்டுகின்றார். அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. அதே திருமுகத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் ஒரே உடலின் பல உறுப்புகளைப் பற்றிப் பேசி, வலுக்குறைந்ததாகத் தோன்றும் உறுப்பே இன்றியமையாதது என உணர்த்துகின்றார். ஒன்பதாம் அதிகாரத்தை மட்டும் வாசிப்பவர் தனியே ஓடுவார். பன்னிரண்டாம் அதிகாரத்தையும் சேர்த்து வாசிப்பவர் திரும்பிப் பார்த்துத் தம் சகோதரனையும் அழைத்துக்கொண்டு ஓடுவார்.

அன்பார்ந்த பெற்றோரே, ஒரே வீட்டில் பிறந்த பிள்ளைகளும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. படிப்பில் விரைபவர் ஒருவர். நோயுற்ற பாட்டியின் அருகில் அமர்ந்திருப்பவர் மற்றொருவர். முதலாமவரின் சான்றிதழை நாம் சுவரில் மாட்டுகின்றோம். மற்றவரின் பணிக்குச் சான்றிதழ் இல்லை. ஆனால் அவர் இல்லாத வீட்டின் கணக்கு நிறைவுபெறுமா என ஒருகணம் சிந்திப்போம். மெதுவாக ஓடும் பிள்ளையிடம் “ஏன் அவனைப்போல் ஓடவில்லை?” என வினவுவதை விடுத்து, “கடைசிவரை ஓடினாயா? உன்னோடு ஓடியவனுக்குத் துணையாக இருந்தாயா?” எனக் கேட்கப் பழகுவோம். விரைந்து ஓடும் பிள்ளைக்கோ, ஓடிமுடித்தபின் பாதையோரம் திரும்பிச் சென்று தம்பியையும் தங்கையையும் பெயர் சொல்லி அழைக்கக் கற்றுக்கொடுப்போம். அப்போது நம் இல்லங்களில் எந்தப் பிள்ளையும் தான் கணக்கில் இல்லாதவன் என எண்ணி நடுவழியில் நின்றுவிடமாட்டான்.