கடல்நீர் மீன்தொட்டியில் பாசி அடங்கவே மாட்டேங்குதா? மருந்து ஊற்றும் முன் போட வேண்டிய கணக்கு

கண்ணாடித் தொட்டி, நல்ல லைட், உப்பு, ஸ்கிம்மர், கடைசியாக இரண்டு கிளவுன் மீன்கள். கடல்நீர் அக்வாரியத்துக்காக மாதக்கணக்கில் சேர்த்த பணத்தைச் செலவழித்திருப்பீர்கள். இரண்டே மாதத்தில் பாறை முழுக்கப் பச்சை முடி முளைத்து நிற்கிறது. கடைக்காரர் ஒரு பாட்டிலை நீட்டுகிறார். "இதை ஊத்துங்க, மூணு நாள்ல போயிடும்."

போகவும் செய்யலாம். ஆனால் மீனுக்குப் பெரிய ஆபத்து, பாசி வளரும்போது வருவதில்லை. அது மொத்தமாகச் சாகும்போதுதான் வருகிறது. அழுகும் பாசி தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். அந்த நேரம் பார்த்து நள்ளிரவில் கரண்ட் போனால், காலையில் மீன் மிதக்கும். அதனால் பாட்டில் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

எல்லாமே பாசி இல்லை

புதுத் தொட்டியில் முதல் சில வாரங்களில் மணல் மேல் பழுப்புத் தூசி மாதிரி படிவது டயாட்டம். தண்ணீரில் உள்ள சிலிகேட் தீர்ந்ததும் தானே போய்விடும். அதற்குச் செலவு செய்ய வேண்டாம்.

கருஞ்சிவப்பில், வழவழப்பான துணி போல மணலை மூடி, உறிஞ்சினால் தகடு தகடாக வருவது சயனோபாக்டீரியா. பெயரிலேயே இருக்கிறது, அது பாக்டீரியா. இதற்கு எரித்ரோமைசின் மாத்திரையை நுணுக்கிப் போடச் சொல்பவர்கள் உண்டு. அது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஆன்டிபயாட்டிக். தொட்டியில் அமோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவையும் பாதிக்கலாம். அந்தத் தண்ணீர் கடைசியில் உங்கள் ஊர்ச் சாக்கடைக்குத்தான் போகிறது. வேண்டாம்.

பழுப்புச் சளி மாதிரி இழையாகத் தொங்கி, நுனியில் காற்றுக் குமிழியோடு, இரவில் குறைந்து மதியம் திரும்பி வந்தால், அது டைனோஃபிளாஜெல்லேட் ஆக இருக்கலாம். இதில் சில வகைகள் நஞ்சு சுரப்பவை. அதை மேய்ந்த நத்தைகள் செத்துப்போவதுண்டு.

பெரும்பாலானோர் தலையைப் பிய்த்துக்கொள்வது நான்காவது வகையால். பச்சை முடிப்பாசி. இனி அதன் கதை.

ஒரு கிராம் தீனியில் என்ன இருக்கிறது?

பாசிக்கு வேண்டியது வெளிச்சம், நைட்ரேட், பாஸ்பேட். இதில் பாஸ்பேட் பெரும்பாலும் உங்கள் கை வழியாகவே உள்ளே போகிறது. உலர் தீனியில் பாஸ்பரஸ் சுமார் 1 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 1 கிராம் தீனியில் 10 மில்லிகிராம் பாஸ்பரஸ். பாஸ்பேட்டாகக் கணக்கிட்டால் சுமார் 30 மில்லிகிராம். 100 லிட்டர் தொட்டியில் அது முழுவதும் கரைந்தால் 0.3 பிபிஎம். தொட்டி வளர்ப்பவர்கள் பொதுவாகக் குறி வைக்கும் அளவு 0.03 முதல் 0.1 பிபிஎம் வரை. அதாவது, மீனுக்குள் போனது, ஸ்கிம்மர் எடுத்தது எல்லாவற்றையும் கழிக்காமல் பார்த்தால், ஒரே கிராமில் மேல்வரம்பைப் போல மூன்று மடங்கு. இரண்டு சின்ன மீனுக்கு ஒரு நாளைக்கு எத்தனை சிட்டிகை போடுகிறீர்கள் என்று ஒரு முறை சமையல் தராசில் நிறுத்துப் பாருங்கள்.

"ஆனா டெஸ்ட் கிட் ஜீரோ காட்டுதே?" காட்டும். தண்ணீரில் வருவதையெல்லாம் பாசி உடனே சாப்பிட்டுவிடுகிறது. கிட் அளப்பது மிச்சத்தை மட்டும்தான். பாறை முழுக்க முடியும் ரீடிங்கில் பூஜ்யமும் சேர்ந்து இருந்தால், சத்து பாசிக்குள் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

சந்தேகப்பட வேண்டியது தண்ணீரை

இந்திய வீடுகளில் அதிகம் கவனிக்கப்படாத இடம் இது. தொட்டியிலிருந்து ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பும் மற்றதும் அங்கேயே தங்கும். கோடையில் மின்விசிறி வைத்துக் குளிர்விக்கும் தொட்டியில் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் குறைகிறது என்று வையுங்கள். அதை வீட்டு ஆர்ஓ தண்ணீரால் நிரப்புகிறீர்கள். அதன் டிடிஎஸ் 80. ஆண்டுக்குச் சுமார் 547 லிட்டர், கூடவே 44 கிராம் கரைபொருள். தண்ணீர் மாற்றும்போது கொஞ்சம் வெளியேறும், ஆனால் வரவு நிற்பதில்லை.

"ஆர்ஓ தண்ணிதானே, சுத்தம்தானே?" குடிக்கச் சுத்தம். ருசிக்காகப் பல மெஷின்கள் தாதுக்களைத் திரும்பச் சேர்க்கின்றன, அல்லது ஆர்ஓ சவ்வு வழியே போகாத தண்ணீரைக் கொஞ்சம் கலக்கின்றன. போர்வெல் என்றால் இன்னும் மோசம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை அனுமதி. தொட்டியில் நீங்கள் வேண்டுவதோ பத்துக்குக் கீழ். சட்டப்படி குடிக்கத் தகுந்த தண்ணீரே பாசிக்கு உரமாகலாம். ஆர்ஓவுக்குப் பின் டிஅயனைசேஷன் ரெசின் கட்டம் ஒன்றைச் சேர்த்து, டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் பார்ப்பதுதான் தீர்வு. கேன் தண்ணீர் வாங்கினாலும் மீட்டரைப் போட்டுப் பாருங்கள்.

சரி, என்னதான் செய்வது?

முதலில் கையால் பிடுங்குங்கள். கேவலமான வேலைதான், ஆனால் வெளியே எடுத்த ஒவ்வொரு கொத்தும் தொட்டியை விட்டுப் போன பாஸ்பேட். தொட்டித் தண்ணீர் நிரப்பிய பக்கெட்டில் பாறையை வைத்து, பழைய பிரஷ்ஷால் தேய்த்து, அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்றிவிடுங்கள். லைட்டை ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு டைமரில் கட்டுங்கள். வாரம் 20 சதவீதம் தண்ணீர் மாற்றினால் போதுமா? நைட்ரேட் 40 இருந்தால் 32, பிறகு 25.6, மூன்றாவது வாரம் 20.5. அதுவும் இடையில் எதுவும் சேராவிட்டால். வரவைக் குறைக்காமல் தண்ணீரை மட்டும் மாற்றுவது, கிரெடிட் கார்டில் மினிமம் டியூ கட்டுவது மாதிரி.

பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு குருணை வேலை செய்யும். ஆனால் சுண்ணாம்புப் பாறை பாஸ்பேட்டைத் தேக்கி வைத்திருக்கும். தண்ணீரில் குறையக் குறைய வெளியே விடும். இன்று 0.05, நாலு நாளில் பழையபடி 0.2 என்றால் கிட் கெட்டுப்போகவில்லை. பொறுமையாகத் தொடர வேண்டும். அதற்காகப் பூஜ்யத்துக்கு இறக்கிவிடவும் கூடாது. நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் வற்றிய தொட்டிகளில் டைனோஃபிளாஜெல்லேட் தலைதூக்குவது அடிக்கடி நடக்கிறது. முடிப்பாசியே தேவலை என்று ஆகிவிடும்.

நத்தைகள் உதவும். ஆனால் பெரும்பாலும் புதிதாகத் துளிர்ப்பதைத்தான் மேயும், நீளமாக வளர்ந்ததைத் தொடாது. பிடுங்கிய பிறகு விடுங்கள். கடலில் எடுத்தது என்று எதையும் வாங்கும் முன் யோசியுங்கள். பவளப் பாறைகளைக் கட்டும் பவளங்களும் கடல் குதிரையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. சில சங்கு வகைகளும் சட்டப் பட்டியலில் உண்டு. கடலில் பெயர்த்த 'லைவ் ராக்' பெரும்பாலும் பவளத்தின் எலும்புக்கூடுதான்.

பிடுங்கிய பாசியை எங்கே போடுவது?

கடலில் மட்டும் வேண்டாம். 1984-ல் மொனாக்கோவின் கடல்சார் அருங்காட்சியகத்துக்கு அடியில் ஒரு சதுர மீட்டர் அளவில் காணப்பட்ட காலெர்பா டாக்ஸிஃபோலியா என்ற அக்வாரியப் பாசி, பிறகு மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஹெக்டேருக்குப் பரவியது. 2000-ல் கலிபோர்னியாவில் அதே பாசி தென்பட்டபோது தார்ப்பாய் போட்டு மூடி, உள்ளே குளோரின் செலுத்தி, ஆறு ஆண்டுகளில் ஒழித்தார்கள். செலவு 70 லட்சம் டாலருக்கு மேல். நமக்குப் பக்கத்திலும் உதாரணம் உண்டு. வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட கப்பாஃபைகஸ் கடற்பாசி, மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் உயிருள்ள பவளங்கள் மேல் படர்ந்தது 2008-ல் பதிவானது.

எனவே மும்பையோ கொச்சியோ சென்னையோ, கடற்கரை எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் பாசியை வெயிலில் நன்றாகக் காயவைத்து, வீட்டுக் குப்பையோடு போடுங்கள். உப்புத் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற வேண்டாம், பாத்ரூம் வடிகாலே போதும்.