பாசிமணியும் பழிச்சொல்லும்

புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்திலோ, நார்த்தாமலை முத்துமாரியம்மன் திருவிழாவிலோ, தரையில் துணி விரித்துப் பாசிமணி மாலைகளைப் பரப்பி அமர்ந்திருக்கும் மக்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவர்களைக் கண்டு, விலை கேளாமலே ஒரு காசை எறிந்துவிட்டுச் செல்வோர் உளர். தம் பையை இறுகப் பற்றிக்கொண்டு விலகி நடப்போரும் உளர். முன்னவர் அவர்களை இரவலர் எனக் கருதினர். பின்னவர் கள்வர் எனக் கருதினர். அவர்கள் வணிகர் என்பதை இருவருமே காணவில்லை.

இம்மக்களை நாம் நரிக்குறவர் என்கிறோம். அவர்கள் தம்மை வாக்ரி என்பர். அவர்கள் பேசும் வாக்ரிபோலி, குசராத்தி முதலிய வட இந்திய மொழிகளோடு உறவுடையது. தனக்கென எழுத்து இல்லாதது. ஊர்தோறும் சென்று வாழ்ந்தமையால் தமிழும் பிற மொழிகளும் பேசக் கற்றனர். பள்ளி வாயிலை மிதியாமலே பல மொழிகளில் விலை பேசுவோரை அறிவிலார் என்பது பொருந்துமோ?

வேட்டையே இவர்களது பழந்தொழில். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. காட்டுயிர்களைக் காக்க அச்சட்டம் இன்றியமையாததே. ஆயினும், தொழிலை இழந்தவர்க்கு உழ நிலமோ, வேறு பிழைப்போ அதனுடன் வந்திலது. ஆகவே மணி கோத்து விற்றலே பலருக்கு வாழ்வாயிற்று. மழை பெய்யும் நாளில் கடை விரிக்க இயலாது; விற்பனை இல்லையேல் அடுப்பும் எரியாது. அந்நாளில் பசித்த குழந்தைக்காக ஒரு தாய் கை ஏந்தினால், அது வறுமையின் செயலேயன்றிக் குலத்தின் இயல்பு அன்று.

குலத்தையே குறைகூறும் எண்ணம் எவ்வாறு வேரூன்றியது? ஆங்கில ஆட்சியினர் 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் ஒன்றை இயற்றினர். 1911-இல் அதனைச் சென்னை மாகாணத்துக்கும் விரித்தனர். நிலையான வீடின்றி அலைந்த குலங்கள் பலவும் அதன் பிடியில் சிக்கின. அக்குலத்திற் பிறந்த ஒருவர் குற்றம் செய்தாரா என்று ஆராய்வதற்கு முன்பே, பிறப்பே குற்றமாக எண்ணப்பட்டது. விடுதலைக்குப்பின், 1952-இல் நாடு முழுவதும் அச்சட்டம் நீக்கப்பட்டது. ஏட்டிலிருந்து சட்டம் நீங்கியது. உள்ளத்திலிருந்து ஐயம் நீங்கவில்லை.

இப்பழி நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இந்திய மொழிக் குடும்பத்தைச் சார்ந்த மொழியைப் பேசும் ரோமானி மக்கள், ஐரோப்பாவிற் பல நூற்றாண்டுகளாக இவ்வாறே இகழப்பட்டனர். இங்கிலாந்து 1530-இலேயே அவர்களைத் துரத்தச் சட்டம் செய்தது. இரண்டாம் உலகப் போரின்போது நாசிகள் அவர்களிற் பல்லாயிரவரைக் கொன்றனர். ஓர் இனத்தாரைப் பற்றிய பொய்க் கருத்து எத்துணைக் கொடுமையில் முடியும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

திருவள்ளுவர் இரத்தலைப் பற்றி இரவு, இரவச்சம் என இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். அவற்றுள் எங்கும் இரத்தல் இன்ன குலத்தார்க்கு உரியது என்று அவர் கூறவில்லை. வறுமை எவர் வீட்டு வாயிலிலும் நிற்கக்கூடும் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்!

நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலிற் சேர்க்குமாறு 1965-இலேயே லோகூர் குழு பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் அதற்குரிய சட்டத்தை நிறைவேற்றியதோ 2022 டிசம்பரில்! இடையிற் கழிந்தவை 57 ஆண்டுகள். ஒரு சான்றிதழ் இன்மையால் உரிய சலுகையின்றி மேற்படிப்பைக் கைவிட்ட பிள்ளைகளின் இழப்பை எவர் ஈடுசெய்வார்?

மாணவர்களே! சட்டம் செய்யும் பணி பெரியோருடையது. பார்வையைத் திருத்தும் பணி உங்களுடையது. அடுத்த முறை பாசிமணி விற்பாரைக் கண்டால், காசை எறியாதீர்கள், விலை கேளுங்கள். அவர் பிள்ளை உங்கள் வகுப்பிற்கு வந்தால், பக்கத்தில் இடம் தாருங்கள். பழிச்சொல்லைத் துடைக்க அவ்விடத்திலிருந்தே தொடங்கலாம்.